வெறும் வயிறு என்று சொன்னவன்

சாமி,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதை அப்போதே மறந்திருப்பாய். "ஒரு மாசமா மேல் வயித்துல ஒரு மாதிரி வலிக்குதுப்பா. டாக்டரு ஸ்கேன் எழுதியிருக்காரு. வெள்ளிக்கெழம போறேன். ஒண்ணும் இருக்காது, கேஸ்தாம்ப்பா" என்றாய். பிறகு ஆபீசுக்குப் புதிதாக வந்திருக்கும் மேனேஜரைத் திட்டினாய், ஓசூரில் திடீரென்று மழை பிடித்துக்கொண்டதைச் சொன்னாய். நான் 'ம்' கொட்டிக்கொண்டிருந்தேன். கேஸ் என்ற சொல்லுக்குப் பிறகு நீ பேசிய எதுவும் என் காதில் ஏறவில்லை. போனை வைத்ததும் பீரோவைத் திறந்து, உன் அம்மாவின் புடவைகளுக்கு அடியில் ஆறு வருடமாகக் கிடக்கும் ஒரு கவரை எடுத்து மேசைமேல் வைத்தேன். இன்று புதன்கிழமை. மூன்று நாளாக அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். நான் வாயெடுத்தால் நீ "உடுங்கப்பா, பழசையே பேசிக்கிட்டு" என்பாய். அதுதான் சாக்கு என்று நானும் விட்டுவிடுவேன். எழுதினால் தப்பிக்க முடியாது. பெங்களூருக்கு முட்டை லோடு கொண்டுபோகிற டிரைவர் ஒருவர் நம் தெருவில் இருக்கிறார். நாளைக் காலையில் ஓசூரில் வண்டியை நிறுத்தி உன் வீட்டிலேயே கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். உறையை நான் ஒட்டவில்லை. அவர் படித்தாலும் படிக்கட்டும், உன் மனைவி படிக்கட்டும், அவள் வீட்டார் படிக்கட்டும். ஆறு வருடம் ஒளித்துவைத்தது போதும்.

முதலில் உனக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பிற்பாதியைப் படித்துவிட்டு நீ இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டாலும் போடுவாய். எனக்கு டாக்டர் படிப்பு கிடையாது. முப்பது வருடம் ரிக் வண்டி ஓட்டி ஊர் ஊராகப் போர்வெல் போட்டவன். இப்போது சொல்வதெல்லாம் உன் அம்மா போன பிறகு பல டாக்டர்களிடம் வெட்கமில்லாமல் கேட்டுத் தெரிந்துகொண்டது. தெரிந்திருக்க வேண்டிய நாளில் தெரியவில்லை. இப்போது வாத்தியார் மாதிரி பேசுகிறேன் பார்.

அல்ட்ராசவுண்ட் என்கிற இந்த வயிற்று ஸ்கேனில் பயப்பட ஒன்றுமே இல்லை. எக்ஸ்ரே போலக் கதிர் எதுவும் உடம்புக்குள் போவதில்லை. நம் காதுக்கு எட்டாத ஒரு சத்தத்தை உள்ளே அனுப்பி, அது பட்டுத் திரும்புவதை வைத்துப் படம் காட்டுகிறார்கள். அந்தச் சத்தத்துக்குக் காற்று ஆகாது. அதனால்தான் வயிற்றின்மேல் சில்லென்று ஒரு பசையைத் தடவுகிறார்கள், கருவிக்கும் தோலுக்கும் நடுவே காற்று நிற்கக் கூடாதென்று. குடலுக்குள் காற்று நிறைந்திருந்தாலும் அப்படித்தான், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது தெரியாமல் போய்விடும். மேல் வயிற்றைப் பார்க்க வேண்டுமென்றால் ஆறு மணி, எட்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு இருக்கச் சொல்வது இதற்காகத்தான். சாப்பிட்டால் குடலில் காற்று சேரும், பித்தப்பையும் சுருங்கிவிடும். அடிவயிறும் பார்க்க வேண்டுமென்றால் தண்ணீர் நிறையக் குடித்துவிட்டு மூத்திரத்தை அடக்கிக்கொண்டு வரச் சொல்வார்கள். அடக்க முடியாவிட்டால் வெட்கப்படாமல் அங்கே இருக்கும் பெண்ணிடம் சொல்லிவிட வேண்டும். உனக்கு எழுதியிருப்பது எந்த ஸ்கேன், எத்தனை மணி நேரம் சாப்பிடக் கூடாது, காலையில் போடுகிற மாத்திரையைப் போடலாமா என்பதையெல்லாம் இதைப் படித்ததுமே போன் செய்து கேள். உன் மனைவியை விட்டுக் கேட்கச் சொல்லாதே, நீயே கேள். தண்ணீர் குடிக்கலாம் என்று சொன்னால் எந்தத் தண்ணீர் என்றும் கேள். சிரிக்காதே சாமி. எங்கள் கோளாறு அந்தச் சொல்லில்தான் ஆரம்பித்தது.

உன் அம்மாவுக்கு அந்த வருடம்தான் சர்க்கரை வந்திருந்தது. நன்றாக இருந்த பொம்பளை ஐந்தாறு மாதத்தில் பாதியாகிவிட்டாள். ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று தொங்கியது. "கல்யாணத்தப்ப இருந்த மாதிரி ஆயிட்டே புள்ள" என்று நான் கேலி பேசினேன். அவளும் சிரித்தாள். வயிற்றில் ஆரம்பித்து முதுகுப் பக்கம் துளைத்துக்கொண்டு போகிற மாதிரி வலி என்று சொன்னாள். ஒரு முறை இல்லை, வாரத்துக்கு இரண்டு முறையாவது சொன்னாள். நான் ஊரில் இருந்தால் என்னிடம் சொன்னாள், இல்லாவிட்டால் போனில் சொன்னாள். நாமக்கல் டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டுச் சேலத்துக்கு ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். ரிசல்ட்டைத் தன்னிடம் கொண்டுவந்து காட்டச் சொல்லி இரண்டு முறை சொல்லி அனுப்பினார்.

ஸ்கேன் சென்டரிலிருந்து போன் வந்தது எனக்குத்தான். வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் என் நம்பரைத்தானே கொடுப்போம். "வெறும் வயித்தோட வாங்க, தண்ணி மட்டும் குடிச்சுக்கலாம்" என்றார்கள். அதை அப்படியே அவளிடம் சொன்னேன். சர்க்கரை மாத்திரையைப் பற்றி நான் கேட்கவும் இல்லை, அவர்கள் சொல்லவும் இல்லை. மறுநாள் காலையில் பழக்க தோஷத்தில் மாத்திரையை விழுங்கிவிட்டு வண்டியில் ஏறினாள். புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. "ஏனுங்க, கண்ணு இருட்டிக்கிட்டு வருதுங்க. கையெல்லாம் நடுங்குது" என்றாள். ஒரு பேக்கரி முன்னால் நிறுத்தினேன். டீயை வாங்கி நீட்டினால் வாங்க மாட்டேன் என்கிறாள். "வெறும் வயிறா வரச் சொன்னாங்களேங்க?"

"தண்ணி குடிக்கலாமுன்னுதான சொன்னாங்க? டீத்தண்ணியும் தண்ணிதான் புள்ள, குடி."

நம் பக்கத்தில் டீயையும் காப்பியையும் தண்ணி என்று சேர்த்துத்தானே சொல்கிறோம்! அதில் பால் இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது என்பதெல்லாம் நமக்குக் கணக்கே இல்லை. சோறு தின்றால்தான் சாப்பிட்ட மாதிரி. டீயோடு ஒரு தேங்காய் பன்னும் தின்றாள். கொஞ்சம் தெளிந்தது. நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்கிறது என்றதும் ஒரு சோடாவை உடைத்துக் கொடுத்தேன். டீக்காவது ஒரு பேச்சு உண்டு. பன்னையும் சோடாவையும் எந்தத் தண்ணியில் சேர்ப்பது?

இதுவரைக்கும் பெரிய குற்றமில்லை என்று பின்னால் ஒரு டாக்டர் சொன்னார். சர்க்கரை குறைந்து மயக்கம் வருகிறவளுக்கு எதையாவது கொடுக்கத்தான் வேண்டும். ஸ்கேனுக்காக அவளைப் பட்டினி போட்டு விழவைக்க முடியுமா? அங்கேயே நின்று ஒரு போன் போட்டு, "இப்படி ஆயிப்போச்சுங்க, நாளைக்கு வாரோம்" என்றால் காரியம் முடிந்தது. நான் போடவில்லை. மேச்சேரிப் பக்கம் ஒரு தோட்டத்தில் என் ரிக் நின்றுகொண்டிருந்தது. ஐந்நூறு அடிக்குக் கீழே, பாறையை உடைக்கிற ஹேமர் மாட்டிக்கொண்டு மேலேயும் வராமல் கீழேயும் போகாமல் கிடந்தது. அரை மணிக்கு ஒரு தரம் அங்கிருந்து போன் வந்தபடி இருந்தது. ஸ்கேனை முடித்துவிட்டுப் பத்தரைக்குள் அங்கே போய் நிற்க வேண்டும் என்பதுதான் என் மண்டையில் ஓடியது. மாட்டிக்கொண்டிருந்த ஹேமர் எனக்கு அவசரம். உன் அம்மா வயிறு அவசரமாகப் படவில்லை.

சேலத்தில் அந்த இடத்தில் முப்பது பேராவது உட்கார்ந்திருந்தார்கள். பெயரைக் கூப்பிட்டதும் நானும் கூடவே உள்ளே போனேன். பெட்டில் படுக்கவைத்துவிட்டு, நோட்டை வைத்திருந்த பெண் அவளைப் பார்த்துக் கேட்டாள்: "காலைல ஏதாச்சும் சாப்ட்டீங்களாம்மா?" உன் அம்மா வாயைத் திறந்தாள். அவள் என்ன சொல்லியிருப்பாள் என்பது எனக்குத் தெரியும். பொய் சொல்லத் தெரியாத ஜென்மம் அது. அவள் சொல்வதற்குள் நான் முந்திக்கொண்டேன். "இல்லீங்க, வெறும் வயிறு." அந்தப் பெண் எழுதிக்கொண்டாள்.

டாக்டர் வந்து கருவியை வைத்து அழுத்தி அழுத்திப் பார்த்தார். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார், ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார், மறுபடி மல்லாக்கப் படுக்கச் சொன்னார். பிறகு திரையிலிருந்து முகத்தைத் திருப்பி, "நெஜமாவே ஒண்ணும் சாப்பிடலையாம்மா? பித்தப்பை சுருங்கியிருக்கே" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். சாமி, அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. 'நீங்களே சொல்லிடுங்க' என்பது போல இருந்தது. என் சட்டைப் பையில் போன் துடித்துக்கொண்டிருந்தது. "பச்சத்தண்ணி பல்லுல படலீங்க டாக்டர்" என்றேன். அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு, "சரிங்க" என்று திரும்பிக்கொண்டார்.

அவர்மேலும் எனக்குக் கோபம் உண்டு. 'நீ கொஞ்சம் வெளியே போய்யா' என்று என்னைத் துரத்திவிட்டு அவளிடம் கேட்டிருக்கலாம். படுத்திருக்கிறவளிடம் கேட்ட கேள்விக்கு நிற்கிறவன் பதில் சொன்னால் எப்படி எடுத்துக்கொள்வது? வெளியே முப்பது பேர் இருந்தார்கள், அவருக்கும் அவசரம். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் பார்த்ததையும் எழுதினார், பார்க்க முடியாததையும் ஒளிக்காமல் எழுதினார். அதைப் படிக்க வேண்டியவன் நான்.

நான் படித்த லட்சணத்தைக் கேள். ஒரு மணி நேரத்தில் கவரைக் கையில் கொடுத்தார்கள். இங்கிலீஷில் எனக்குத் தெரிந்த சொல் இருக்கிறதா என்று தேடினேன். 'நார்மல்' என்று ஐந்தாறு இடத்தில் இருந்தது. நடுவில் ஒரு வரியில் 'கேஸ்' என்று இருந்தது. எனக்கு அது போதும். வயிறு உப்பினால் கேஸ், நெஞ்சு கரித்தால் கேஸ், முதுகு பிடித்தால் கேஸ் என்றுதானே பேசிக்கொண்டு இருக்கிறோம். "ஒண்ணுமில்ல புள்ள, கேஸ்தானாம்" என்றேன். அந்த 'தானாம்' இருக்கிறதே, அதைக் கவனி. யாரோ பெரிய டாக்டர் சொல்லி நான் கேட்டுவந்த மாதிரி இருக்கிறது. யாரும் சொல்லவில்லை. நானே பார்த்து நானே சொன்னது.

அப்படியே அவளைப் புது பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் நாமக்கல் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துகொண்டு, "டீ குடிச்சதச் சொல்லிப்போட்டிருக்கலாமுங்க. டாக்டரு ரெண்டு தரம் கேட்டாங்க" என்றாள்.

"சொல்லியிருந்தா நாளைக்கு வான்னிருப்பாங்க. நாளைக்கு ஆரு வாரது?" என்றேன். பஸ் கிளம்பியது. நான் மேச்சேரிக்குப் போய்விட்டேன். ஹேமரை எடுத்துவிட்டோம்.

அந்தக் கவர் என் வண்டியின் டேஷ்போர்டில் கிடந்தது. நாமக்கல் டாக்டரிடம் நான் காட்டவே இல்லை. கேஸ்தான் என்று தெரிந்துவிட்டதே, அவரிடம் போய் என்ன செய்ய? இதை எழுதும்போது எனக்கு என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது. எவனோ ஒரு விவசாயி தோட்டத்தில் போர் போட வேண்டும் என்றால், தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்க்கிறவரைக் கூட்டிவா, மெஷின் வைத்துப் பார்க்கிறவரைக் கூட்டிவா என்பேன். இரண்டு பேரும் ஒரே பாயிண்டைக் காட்டினால்தான் வண்டியை ஏற்றி நிறுத்துவேன். மண்ணுக்குள் தெரியாததைப் பற்றி அத்தனை பயம் எனக்கு. உன் அம்மா வயிற்றுக்கு ஒரு காகிதத்தில் ஒரு சொல் போதுமாக இருந்தது. ஓமத் தண்ணி காய்ச்சிக் கொடுத்தோம், இஞ்சிச் சாறு கொடுத்தோம், மெடிக்கலில் சொல்லி ரோஸ் நிற டானிக் பாட்டில் பாட்டிலாக வாங்கினோம். வலிக்கிறது என்று அவள் சொன்னபோதெல்லாம், "அதான் பாத்தாச்சே, கேஸுதான்" என்று நான் அவள் வாயை அடைத்தேன். ஸ்கேன் எடுத்த பிறகு அவளுக்கு வலி என்று சொல்லும் உரிமைகூடப் போய்விட்டது.

நீயும் அந்த வாரம் போன் செய்தாய். "ஸ்கேன்ல என்ன சொன்னாங்கப்பா?" என்று கேட்டாய். "எல்லாம் நார்மல், கேஸ்தான்" என்றேன். "நாந்தான் அப்பவே சொன்னேனே" என்று வைத்துவிட்டாய். படித்த பிள்ளை. அந்தக் காகிதத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க என்று கேட்க உனக்குத் தோன்றவில்லை. குத்திக்காட்டச் சொல்லவில்லை என்று எழுதப் பார்த்தேன். பொய் எதற்கு, குத்திக்காட்டத்தான் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை உன் காகிதத்தை நீ அப்படி விட்டுவிடக் கூடாது.

நான்கு மாதம் கழித்து அவள் கண் மஞ்சளானது. அதற்கும் பத்து நாள் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துவிட்டுத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, கணையத்தில் கட்டி, ஈரல் வரைக்கும் பரவிவிட்டது என்றார் டாக்டர். "இதுக்கு முன்னால ஸ்கேன் ஏதாச்சும் எடுத்தீங்களா?" என்று கேட்டார். வண்டிக்குப் போய் அந்தக் கவரை எடுத்துவந்தேன். ஆயில் கறை படிந்து மூலை மடங்கியிருந்தது. நீ அப்போது ஓசூரிலிருந்து வந்துகொண்டிருந்தாய். அந்த அறையில் நானும் உன் அம்மாவும்தான் இருந்தோம். டாக்டர் அதைப் படித்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார்.

வெறும் வயிறு என்று உடன் வந்தவர் கூறினார். பித்தப்பை சுருங்கியுள்ளது. குடலில் வாயு மறைப்பதால் கணையத்தைப் பார்க்க முடியவில்லை. வெறும் வயிற்றில் மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டும், அல்லது சிடி ஸ்கேன் எடுக்க வேண்டும்.

"நீங்க நெனைக்கிற கேஸ் இல்லீங்க இது. கேஸ் நடுவுல நின்னு மறைச்சிருச்சு, பின்னால என்ன இருக்குன்னு தெரியலன்னு எழுதியிருக்காங்க. ஒண்ணுமில்லன்னு எழுதலீங்க" என்றார். பிறகு காகிதத்திலிருந்து தலையைத் தூக்கி, "இந்த ஒடன் வந்தவர் யாருங்க?" என்று கேட்டார். நான் "நான்தானுங்க" என்றேன். அப்போதே பார்த்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டேன். "அத இப்பச் சொல்ல முடியாதுங்க. கஷ்டமான நோவு. பாத்திருந்தா ஒரு வழி தேடியிருக்கலாம்" என்றார். பிழைத்திருக்க மாட்டாள் என்று அவர் உறுதியாகச் சொல்லியிருந்தால் நான் கொஞ்சம் தூங்கியிருப்பேன். பிழைத்திருப்பாள் என்றிருந்தால் அன்றே எதையாவது செய்துகொண்டிருப்பேன். இரண்டும் சொல்லவில்லை. அதனால் ஆறு வருடமாக நடுவில் கிடக்கிறேன்.

வெளியே வராண்டாவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "பையன்கிட்ட இதச் சொல்லிப்போடாதீங்க. அவன் உங்ககூடப் பேச மாட்டான். எனக்கப்பறம் உங்களுக்கு அவன உட்டா ஆருங்க?" என்றாள். சாயங்காலம் நீ ஓடிவந்தாய். "எத்தன நாளாம்மா வலி?" என்று கேட்டாய். அவள் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "ஸ்கேனுக்கப்பறமும் வலிச்சுக்கிட்டேதான் இருந்துச்சு சாமி. நாந்தான் ஆருகிட்டயும் சொல்லாம வெச்சுக்கிட்டேன்" என்றாள். பொய் சொல்லத் தெரியாத ஜென்மம் என்று மேலே எழுதினேன் அல்லவா? அந்த ஒரு பொய்யை எனக்காகச் சொன்னாள். நீ அழுதுகொண்டே அவளைத் திட்டினாய். "வாயத் தொறந்து சொல்றதுக்கு உனக்கென்னம்மா கேடு? நீயாத் தேடிக்கிட்டது இது" என்று கத்தினாய். நர்ஸ்கூட வந்து எட்டிப் பார்த்தாள். உன் அம்மா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். நான் கையில் பிளாஸ்கை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். எல்லாக் கேள்விக்கும் முந்திக்கொண்டு பதில் சொல்கிறவனுக்கு அன்றைக்கு வாய் வரவில்லை.

காரியத்துக்கு வந்தவர்களிடம் நீ அதையே சொன்னாய். அம்மா வலியை மறைத்துவிட்டாள் என்றாய். வருடா வருடம் திதிக்கும் அதையே சொல்கிறாய். போன முறை உன் மனைவியிடம், "எங்க ஊட்டுல பொம்பளைங்க வாயத் தொறக்க மாட்டாங்க, நீயும் அப்படி இருந்துறாத" என்று என் எதிரிலேயே சொன்னாய். நான் தலையாட்டினேன். உன் அம்மா வாயைத் திறந்தாள், சாமி. வீட்டிலும் திறந்தாள், அந்தப் பெட்டிலும் திறந்தாள். இரண்டு இடத்திலும் நான்தான் குறுக்கே பேசினேன். செய்யாத குற்றத்துக்குச் செத்தவளை நீ ஆறு வருடமாகத் திட்டிக்கொண்டிருக்கிறாய். அதைக் கேட்டுக்கொண்டு நான் சோறு தின்றுகொண்டிருக்கிறேன்.

ஆகவே வெள்ளிக்கிழமைக்கு இன்னும் சிலவற்றைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். மீட்டிங் இருக்கிறது என்று அவசரப்பட்டு ஸ்கேனை நடுவில் செருகாதே. பாதி நாள் லீவு போட்டுவிட்டுப் போ. உன் மனைவியைத் துணைக்கு வேண்டுமானால் கூட்டிப்போ, ஆனால் உள்ளே கேட்கிற கேள்விக்கு நீயே பதில் சொல். வாய் தவறி ஒரு மிட்டாய் தின்றிருந்தால்கூடச் சொல்லிவிடு, திருப்பி அனுப்பினால் மறுநாள் போ. எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது என்று அவர்கள் கேட்காவிட்டாலும் சொல். காகிதம் கையில் வந்ததும் 'நார்மல்' என்ற சொல்லைத் தேடாதே. 'பார்க்க முடியவில்லை' என்று எங்காவது எழுதியிருக்கிறதா என்று தேடு. இருந்தால், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கேள். எழுதிக் கொடுத்த டாக்டரிடம் அன்றைக்கே கொண்டுபோய்க் காட்டு. கடைசியில் அது கேஸாகவே இருக்கட்டும், நான் கும்பிடாத சாமி இல்லை. ஆனால் அதை டாக்டர் சொல்லட்டும். நீ சொல்லாதே.

பழைய ஸ்கேன் எதுவாக இருந்தாலும் எடுத்துக்கொண்டு போக வேண்டும், வீட்டில் யாருக்கு என்ன நோய் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும் என்கிறார்கள். பெற்றவளுக்கு வந்தது பிள்ளைக்கு வந்தே தீரும் என்று இல்லையாம், ஆனால் டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டுமாம். அதனால் உன் அம்மாவின் காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். நகல் இல்லை, அதே காகிதம்தான், ஆயில் கறையோடு. 'உடன் வந்தவர் கூறினார்' என்ற வரியை நீ படிக்காமல் இருக்க வேண்டும் என்று ஆறு வருடம் அதைப் புடவைக்கு அடியில் வைத்திருந்தேன். இப்போது நீயே அதை டாக்டர் கையில் கொடுக்கப் போகிறாய். நானே சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று இத்தனையும் எழுதினேன்.

இதைப் படித்த பிறகு அம்மா படத்துக்கு முன்னால் போய் நில். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் திட்டியதை அவளிடமிருந்து திருப்பி வாங்கிக்கொள். அது எனக்குச் சேர வேண்டியது, எனக்கு அனுப்பிவை. அவள் பயந்தது போல நீ இனிமேல் என்னோடு பேசாமல் போனாலும் போவாய். ஏன் என்று நான் கேட்க முடியாது. ஸ்கேன் முடிந்ததும் என்னைக் கூப்பிட மனம் வராவிட்டால் கூப்பிட வேண்டாம். உன் மனைவியிடம் சொல்லி அந்தக் காகிதத்தை மட்டும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பச் சொல். எதிர்வீட்டு டீச்சரிடம் கொடுத்து எழுத்து எழுத்தாகப் படிக்கச் சொல்லிக் கேட்கிறேன்.

வெள்ளிக்கிழமை அந்த அறையில் நான் இருக்க மாட்டேன். அது உனக்கு நல்லது.

இப்படிக்கு,
உன் அம்மாவுக்கு உடன் வந்தவர்